லாரி எங்கே உறங்கும்?

செலண்டார் என்று சொன்னால் என் வகுப்பு நண்பர்களில் பாதிப் பேருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. மலாக்கா என்றதும் அவர்களுக்குக் கோட்டையும் ஜோங்கர் சாலையும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்களுக்கும் அவற்றுக்கும் அதிகத் தொடர்பில்லை. நாங்கள் ஜாசின் மாவட்டத்துக்காரர்கள். ஜாசினிலிருந்து பத்தாங் மலாக்கா போகும் வழியில், செம்பனைக்கு நடுவில் சில வரிசைக் கடைகள், பள்ளிகள், கோயில், அவற்றைச் சுற்றித் தாமான்கள். தோட்டங்களில் இருந்த எங்கள் மக்கள் பலர் இப்போது இந்தத் தாமான்களில்தான் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஊரைப் பற்றி அல்ல, அந்தத் தாமான் ஒன்றின் நுழைவாயிலில் நட்டுவைத்த ஒரு பலகையைப் பற்றி.

2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் பலகை வந்தது. ஒரு லாரியின் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. கீழே, இந்தக் குடியிருப்புக்குள் கனரக வாகனங்களை நிறுத்தக் கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று மலாயில் எழுதியிருந்தது. எங்கள் தாமானில் அப்போது ஆறு லாரிகள் இரவில் நிற்கும். அவற்றில் நான்கைத் தமிழர்கள் ஓட்டினார்கள். அந்த நான்கில் ஒன்று என் அப்பா ஓட்டுவது. கொண்டெய்னர் இழுக்கும் லாரியின் தலைப்பகுதி அது. சில நாள்களில் பின்னால் காலிப் பெட்டியும் சேர்ந்து வரும்.

பலகைக்காக மனுப் போட்டவர்கள் எங்கள் தெருவாசிகளே. அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளை எழுதுகிறான் என்றால் வேறு மாதிரி எதிர்பார்ப்பீர்கள்.

நான் சிவில் பொறியியல் படிக்கிறேன். விடுமுறையில் ஒரு நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அளந்தேன். தார் போட்ட அகலம் இருபது அடி. லாரியின் அகலம் எட்டடி. எதிர்ப்பக்கத்தில் ஒரு கார் நின்றால் அதற்கு ஆறடி. மிஞ்சுவது ஆறடிதான். தீயணைப்பு வண்டியும் ஏறத்தாழ ஒரு லாரி அகலம்தான், ஆறடிக்குள் அது எப்படி நுழையும்? ஒரு நீளக் கொண்டெய்னர் நாற்பதடி. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் முகப்பு இருபதடி. ஆக, பெட்டியோடு நின்றால் இரண்டு வீட்டு வாசல் முழுக்க மறைந்துவிடும், தலைப்பகுதி மூன்றாவது வீட்டையும் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது சத்தம். அப்பா விடியற்காலை மூன்றரைக்கு எஞ்சினை முடுக்குவார். உடனே கிளம்பமாட்டார், பத்து நிமிடமாவது அப்படியே ஓடவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய லாரியின் பிரேக் காற்றால் இயங்குவது. நின்றிருக்கும் லாரியின் சக்கரங்களை வலுவான ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கும். தொட்டியில் போதிய காற்றழுத்தம் ஏறினால்தான் அந்தப் பிடி விடும். இரவு முழுக்க நின்றதில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இறங்கியிருக்கும். எஞ்சின் ஓடி அதை மீண்டும் நிரப்பும்வரை லாரி ஓர் அங்குலம்கூட நகராது. காரணம் இதுதான். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் மட்டும் மூன்றரை மணிக்கு எழுந்த கைக்குழந்தை மறுபடி தூங்கிவிடுமா?

சாலையும் பாழாகிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சாலைகளைப் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை ஓட்டி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். ஓர் அச்சு தாங்கும் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு என்பது அதில் தெரியவந்தது. எங்கள் பாடத்தில் இன்றும் அதைத்தான் படிக்கிறோம். தாமான் தெருவின் தார், கார்களை நினைத்துப் போட்டது. மூலைவீட்டின் முன்னால் கால்வாய் மூடி மூன்று முறை உடைந்தது. அந்த வீட்டுச் சீன அங்கிள் ஒவ்வொரு முறையும் தாமே சிமெண்டு பூசி அடைத்தார். அவர் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. உடைந்ததைப் படம் எடுத்து மட்டும் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிது பிள்ளைகள். நிற்கும் லாரி ஒரு சுவர். அதன் பின்னாலிருந்து ஓடிவரும் பிள்ளையை எதிரே வரும் மோட்டார்சைக்கிள்காரர் பார்க்கமாட்டார். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்குத் தமக்கு நேர் முன்னால், பம்பருக்குக் கீழே நிற்கும் சின்னப் பிள்ளை தெரியாது. எதிர்வீட்டு அக்காவின் மகன் ஒரு மாலை பந்தைத் துரத்திக்கொண்டு லாரிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தான். மோட்டார்சைக்கிள்காரர் சறுக்கி விழுந்தார், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவே அக்கா மனுவை எழுத ஆரம்பித்துவிட்டார்.

பலகை வருவதற்கு முன் பொது மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அப்பாவும் போனார், நானும் கூடப் போனேன். எதிர்வீட்டு அக்கா எழுந்து கேட்டார்.

"ஏன் அண்ணே, ஒங்கமேல எனக்குக் கோவம் ஒன்னும் இல்ல. லாரிய மட்டும் வேற எங்கயாச்சும் போட முடியாதாலா?"

அப்பா சொன்னார்: "எங்கம்மா போடுறது? நீயே ஓர் எடத்த காட்டு, இன்னைக்கே கொண்டுபோய்ப் போட்டுட்டு வர்றேன்."

மண்டபத்தில் யாரும் பேசவில்லை. அப்பாவை வாயடைக்க வைக்க அக்கா கேட்கவில்லை, அக்காவை மடக்க அப்பாவும் அப்படிச் சொல்லவில்லை. இருவருக்குமே அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் தெரியாது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அக்கா அம்மாவிடம் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தாமான் சண்டைகள் இப்படித்தான், மறுநாளும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

லாரியை ஏன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அப்பா வேலை செய்யும் நிறுவனத்தின் யார்டு கிள்ளானில். அவர் இழுக்கும் சரக்கோ மலாக்காத் தொழிற்பேட்டைகளிலிருந்து ஒரு நாள் கிள்ளான் துறைமுகத்துக்கும் மறுநாள் ஜொகூரில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்கும் போகும். வெளிச்சம் வருவதற்குள் துறைமுக வாசலில் இல்லாவிட்டால் வரிசையில் அரை நாள் போய்விடும். சம்பளம் டிரிப் கணக்கில், வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. அந்த நேரத்தில் செலண்டாரிலிருந்து போகப் பேருந்து ஏது? லாரியை ஓரிடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர இன்னொரு வாகனம், அதற்கு எண்ணெய், தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறைவு. லாரி வீட்டு வாசலில் நின்றால் இவை எதுவும் இல்லை. நிறுவனத்துக்கும் அது வசதிதான். ஊருக்கு ஊர் யார்டு வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. அந்தச் செலவை எங்கள் தெரு ஏற்றுக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தாத்தாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். தோட்டத்தில் இருந்தவரை இப்படி ஒரு பிரச்சினையே அவர் கேள்விப்பட்டதில்லை. லாரிக்கு ஆபீசுக்குப் பக்கத்தில் தனிக் கொட்டகை. சாவி கிராணியிடம். காலையில் தொழிலாளர்களை ஏற்றிப் போகும், பகலில் ரப்பர் பால் ஏற்றும், மாலையில் கழுவிக் கொட்டகையில் விடுவார்கள். டிரைவர் வீடு நடக்கும் தூரத்தில்தான் இருந்தது. மாசி மகம் வந்தால் அதே லாரியில் பலகை போட்டு உட்கார்ந்து, கரும்பும் பால்குடமுமாகச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போவார்களாம். "லாரி வந்தா பிள்ளைங்க எல்லாம் பின்னாலயே ஓடும், இப்ப லாரி வந்தா மனுப் போடுறாங்க" என்றார். தோட்ட வாழ்க்கையை இனிப்பாகச் சொல்லும் பழக்கம் தாத்தாவுக்கு உண்டு, ஆகவே நான் அதைப் பாதிதான் எடுத்துக்கொள்வேன். லயத்தில் கக்கூசுக்கு வரிசையில் நின்றதை அவர் சொல்வதில்லை. ஆனால் கொட்டகை விஷயம் உண்மை. தோட்டத்தைத் திட்டமிட்டவர்கள் லாரிக்கு ஓரிடம் ஒதுக்கினார்கள், அது தொழிலாளி மேல் கொண்ட பிரியத்தால் அல்ல, லாரி துரையுடையது என்பதால். தாமானைத் திட்டமிட்டவர்கள் திடல், சுராவ், கடைவரிசை, மின்சாரத் துணை நிலையம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். அங்கே குடிவரப் போகிறவர்களில் சிலர் லாரி ஓட்டுவார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை. தோட்டம் கைமாறி, மரம் மாறி, வேலை போன பிறகு நம்மவர்களில் எத்தனை பேர் ஸ்டியரிங் பிடித்தார்கள் என்பதை இதை வாசிக்கும் பலர் தம் சொந்தக் குடும்பத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நூலகத்தில் தேடினேன். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ ஏற்படும்படி வாகனத்தைச் சாலையில் நிறுத்துவதைக் குற்றமாக்குகிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் பொதுச் சாலையில் தடங்கல் ஏற்படுத்துவதைத் தடுக்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், உள்ளூர் மன்றங்களுக்குத் துணைச்சட்டம் இயற்றும் அதிகாரம் தருகிறது. ஆக, பலகை நடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் இல்லாமலே போயின. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அதனால் எங்கள் தெருவில் மனுப் போட்டவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் சமம்: யாரும் யாருக்கும் ஓட்டுப் போட்டுக் கேட்க வழியில்லை.

நான் தேடியது வேறொன்று. நிறுத்தாதே என்று சொல்லும் விதிகளே எங்கும் கிடைத்தன. நியூயார்க் நகரத்தில் இரவு 9 மணி முதல் காலை 5 மணிவரை குடியிருப்புத் தெருக்களில் வர்த்தக வாகனங்களை நிறுத்தக் கூடாது. எங்கள் பலகையின் பெரிய அண்ணன் அது. ஆனால் வேறு வழியில் யோசித்தவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் 5,000 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு வாகனத்துக்கு நிறுத்தச் சான்றிதழ் வேண்டும். இன்ன இடத்தில் நிறுத்துவேன் என்று காட்டாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. ஜப்பானில் 1962இலேயே வாகனம் நிறுத்த இடம் இருப்பதை நிரூபிக்கச் சொல்லிச் சட்டம் போட்டுவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டனின் முறை. அங்கே 1995ஆம் ஆண்டின் சரக்கு வாகன உரிமச் சட்டப்படி, லாரி வைத்துத் தொழில் செய்ய உரிமம் கேட்கும் நிறுவனம், வேலையில்லாத நேரத்தில் லாரிகள் எங்கே நிற்கும் என்று ஓரிடத்தைக் குறிப்பிட வேண்டும். அதை உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தில் வீடோ நிலமோ உள்ளவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். லாரி எங்கே உறங்கும் என்ற கேள்வி அங்கே ஓட்டுநரிடம் போகவில்லை, முதலாளியிடம் போகிறது. எதிர்வீட்டு அக்கா அங்கே இருந்திருந்தால் மனுவை அப்பாவின் தலையில் போட்டிருக்க வேண்டியதில்லை.

பலகை வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு இரண்டு லாரிகளுக்குச் சம்மன் வந்தது. ஆறு பேரும் லாரிகளை ஊருக்கு வெளியே, செம்பனை ஓரத்துச் சாலையில் கொண்டுபோய் நிறுத்த ஆரம்பித்தார்கள். தெருவுக்கு நிம்மதி. அந்தச் சாலையில் விளக்கு கிடையாது. இருட்டில், வளைவை ஒட்டி, வரிசையாக ஆறு லாரிகள். யோசித்துப் பாருங்கள், தாமானுக்குள் ஊர்ந்து வரும் மோட்டார்சைக்கிளுக்கு ஆபத்து என்றோம், இங்கே எண்பதில் வரும் மோட்டார்சைக்கிளுக்கு? பலகை ஆபத்தை அகற்றவில்லை, இடம் மாற்றியது. ஹரிராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் கனரக லாரிகள் சாலையில் ஓடத் தடை விதிப்பார்களே, அந்த நாள்களில் ஆறும் இரவு பகலாக அங்கேயே கிடந்தன.

பிறகு 2024 ஜூன் 10. அன்றைய தினம் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. சரக்கு லாரிகளுக்கு அட்டைவழி பழைய விலையிலேயே கிடைத்தது. இதன் பொருள், ஒவ்வொரு லாரியின் தொட்டியிலும் வெளியில் விலை அதிகமான ஒரு பொருள், காவலே இல்லாமல் செம்பனை இருட்டில் நின்றது என்பதுதான். முந்நூறு லிட்டர் என்றால் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். ஆகஸ்டில் ஒரு விடியற்காலை அப்பா போய்ப் பார்த்தபோது தொட்டி மூடி நெம்பிக் கிடந்தது. டீசல் பாதிக்குமேல் காணோம். பேட்டரி இரண்டும் இல்லை. அன்றைய டிரிப் போனது மட்டுமல்ல, போன டீசலின் காசையும் நிறுவனம் மூன்று மாதத் தவணையில் அப்பாவின் கணக்கில் பிடித்துக்கொண்டது. "நீ ஏன் அங்கே நிறுத்தினாய்?" என்பது அவர்கள் கேள்வி. நிறுத்த இடம் நீங்கள் கொடுத்தீர்களா என்று அப்பா கேட்கவில்லை. அந்தப் பருவத்துக்கு என் கல்விக் கடன் பணம் இன்னும் வந்திருக்கவில்லை, விடுதிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மா கூட்டுப்பணத்தை முன்கூட்டியே எடுத்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அப்பா ஒரு பட்டறைக்குப் பின்னால் மாதம் 120 ரிங்கிட் கொடுத்து லாரியை நிறுத்துகிறார். வேலியும் நாயும் இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு மோட்டார்சைக்கிளில் நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். மழை நாளில் காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். முன்பு எஞ்சின் சத்தம் கேட்டு அம்மா திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார். இப்போது லாரியில் ஏறிவிட்டேன் என்று அப்பாவின் குரல் பதிவு வரும்வரை கைப்பேசியை மார்பில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லாரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் இறந்தபோது நாடே லாரிகளைப் பற்றிப் பேசியது. பேச வேண்டியதுதான். எடை, உரிமம், ஸ்டியரிங், வேகம் என்று எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னார்கள். அந்த வாரம் வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒன்று மட்டும் சொன்னார்: "எத்தன மணி நேரம் ஓட்டுனன்னு கேப்பாங்க. எத்தன மணி நேரம் தூங்குனன்னு யாரும் கேக்கமாட்டாங்க." லாரி நிறுத்தும் இடம் தள்ளிப் போனதில் அவர் தூக்கத்தில் தினமும் முக்கால் மணி நேரம் குறைந்திருக்கிறது. இது விபத்துப் புள்ளிவிவரம் எதிலும் வராது.

சென்ற விடுமுறையில் ஆறு ஓட்டுநர்களும் எங்கள் வீட்டில் கூடினார்கள். திடலுக்குப் பின்னால் வெகுநாளாகச் சும்மா கிடக்கும் அரசாங்க நிலத்தைத் தற்காலிக நில அனுமதியின் பேரில் லாரி நிறுத்தக் கேட்கலாம் என்று முடிவு. நில அலுவலகத்துக்கும் மன்றத்துக்கும் கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆளுக்கு மாதம் 60 ரிங்கிட் கட்டணம் கொடுக்கத் தயார் என்று எழுதினேன். லாரி உரிமையாளர்களும் செலவில் பங்கேற்க வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தேன். அதைப் படித்ததும் இரண்டு பேர் தயங்கினார்கள். முதலாளிக்குத் தெரிந்தால் வேலைக்கு வம்பு என்றார்கள். அரை மணி நேரம் வாதாடி, அந்தப் பத்தி தங்கியது, ஆனால் நிறுவனங்களின் பெயர்கள் போயின.

எதிர்வீட்டு அக்காவும் கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு நிபந்தனை: நிலத்துக்குப் போகும் வழி, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் பாதையாக இருக்கக் கூடாது, பின்பக்கமாகத் தனி வழி வேண்டும். அதையும் சேர்த்தேன்.

கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மலாய் எழுத்து நடை அவருக்குக் கொஞ்சம் கனம். கடைசிவரை கேட்டுவிட்டு, "வெளக்கப் பத்தி எழுதலையே" என்றார். அடுத்த பக்கத்தில் எழுதலாம் என்றேன். "முதப் பக்கத்துலயே போடு. வேலி இல்லாட்டியும் பரவால்ல, வெளக்கு வேணும்" என்றார். கடிதத்தை மறுபடி தட்டச்சு செய்து, விளக்கை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஆறு பேரிடமும் அக்காவிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை நேரில் கொடுத்து முத்திரை குத்தி வாங்கிவந்தோம்.